பழுப்பு நிறத்தைச் சந்தேகிக்காத மனிதர்

1930களின் தொடக்கத்தில் பிரிட்டனின் கிராமப்புறங்களில் பள்ளிப் பிள்ளைகள் கையில் வரைபடத் தாளும் பென்சிலுமாக வயல் வயலாக அலைந்தார்கள். ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வே அச்சிட்ட தாள் அது. ஒவ்வொரு வேலியும் ஒவ்வொரு வயலும் அதில் தனித்தனியே தெரியும். நேரில் போய்ப் பார்த்து, வயலின் மேல் ஓர் எழுத்தைப் போட வேண்டும். காடு என்றால் எஃப். நிரந்தரப் புல்வெளி எம். உழவு நிலம் ஏ. புதர்வெளியும் கரட்டு மேய்ச்சலும் ஹெச். தோட்டம் ஜி. விவசாயத்துக்கு ஆகாத இடம் டபிள்யூ. அவ்வளவுதான்.

கேட்க எளிதாக இருக்கிறது. வயலில் இறங்கினால் சிக்கல். பயிர்ச் சுழற்சியில் இரண்டு மூன்று ஆண்டு புல்லாக விடப்பட்ட வயலும் பச்சைதான். பாட்டன் காலத்திலிருந்து கலப்பை படாத புல்வெளியும் பச்சைதான். முன்னதற்கு ஏ, பின்னதற்கு எம். விவசாயியிடம் கேட்காமல் இதைத் தீர்க்க முடியாது. வீடுகளிலும் இதே கதை. கொல்லையில் நாலு காய்கறி போடுமளவு இடம் இருந்தால் அந்த வீடு தோட்டக் கணக்கில் சேரும். நெருக்கியடித்துக் கட்டிய தெருவாக இருந்தால் டபிள்யூ. பன்னிரண்டு வயதுப் பையன்களும் பெண்களும் இந்த வழக்குகளையெல்லாம் வரப்பில் நின்று தீர்த்தார்கள். ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் தன்னார்வலர்களும் மீதியைப் பார்த்துக்கொண்டார்கள். 1934 முடிவதற்குள் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தின் பெரும்பகுதி வயல்வாரியாகப் பதிவாகிவிட்டது. அரசு இதைச் செய்யவில்லை. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு புவியியல் ஆசிரியர் செய்தார். அவர் பெயர் டட்லி ஸ்டாம்ப்.

ஸ்டாம்ப் 1898இல் லண்டனின் கேட்ஃபர்டில் பிறந்தவர். படித்தது புவியமைப்பியல். எண்ணெய் தேடும் வேலையாக பர்மாவுக்குப் போனவர், 1923இல், இருபத்தைந்து வயதில், ரங்கூன் பல்கலைக்கழகத்தில் புவியமைப்பியலுக்கும் புவியியலுக்கும் பேராசிரியரானார். அந்த ரங்கூன் நமக்கு அந்நியமான ஊரில்லை. நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் தமிழ், தெலுங்குக் கூலிகள். மொகல் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள். கீழ் பர்மாவின் காட்டை அழித்து நெல்வயல் ஆக்கிய பர்மிய விவசாயிக்குக் கடன் கொடுத்ததில் செட்டியார்களின் பங்கு பெரிது. 1930இன் உலக மந்தத்தில் நெல் விலை விழுந்ததும் அடமானங்கள் மூழ்கின. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஆறு சதவீதமாக இருந்த செட்டியார் நில உடைமை 1938க்குள் இருபத்தைந்து சதவீதமானது. அதன் பிறகு நடந்தது காரைக்குடிப் பக்கம் பல வீடுகளில் இன்னும் பேசப்படும் கதை.

ஸ்டாம்ப் அங்கே நில உடைமையைப் பார்க்கவில்லை, தாவரத்தைப் பார்த்தார். பர்மாவின் காடுகளை மழை, மண், உயரம் என்று பிரித்து எழுதினார். ஐராவதி ஆற்றுமுகத்தின் அலையாத்திக் காடுகளை விமானத்திலிருந்து படமெடுத்து அளந்த முயற்சியைப் பற்றி 1925இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மேலிருந்து எடுத்த ஒரு படம், படகில் போய் மாதக்கணக்கில் சேற்றில் இறங்கி அறிய வேண்டியதைச் சில மணி நேரத்தில் சொல்லிவிடும் என்பதை அவ்வளவு முன்னதாகக் கண்டுகொண்ட புவியியலாளர்கள் மிகக் குறைவு. இன்று அதே ஆற்றுமுகத்தைச் செயற்கைக்கோள் பார்க்கிறது. 1978இல் ஏறக்குறைய 2,600 சதுர கிலோமீட்டராக இருந்த அலையாத்திக் காடு 2011இல் ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. போன இடத்தில் பெரும்பாலும் நெல். 2008 மே மாதம் நர்கீஸ் புயல் அந்தக் கரையில் ஏறியபோது இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் ஒரு லட்சத்துக்கும் அதிகம். அலையைத் தாங்க நின்றிருக்க வேண்டிய மரங்களில் பெரும்பகுதி அப்போதே இல்லை. காடு நெல்லாவதைப் பயன்பாட்டில் ஒரு முன்னேற்றமாகவே 1920களின் அறிவுலகம் பார்த்தது. ஸ்டாம்பும் அந்த உலகத்தின் பிள்ளைதான். பின்னர் இங்கிலாந்தில் அவர் செய்ததைப் புரிந்துகொள்ள இது உதவும்.

1926இல் லண்டன் திரும்பினார். அவர் பிறந்த ஊரைச் சுற்றியே நகரம் விரிந்துகொண்டிருந்தது. ரயிலும் பேருந்தும் போன இடமெல்லாம் இரட்டை வீடுகளின் வரிசை. 1930களின் நடுவில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 25,000 ஹெக்டேர் விவசாய நிலம் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் மிடில்செக்ஸ் போன்ற இடங்களின் முதல்தர மண்ணும் சேர்த்தி. அதே நேரம் விவசாயமோ படுத்திருந்தது. வெளிநாட்டுக் கோதுமையும் இறைச்சியும் மலிவாக வந்து இறங்க, உள்ளூர் விவசாயி உழவைக் கைவிட்டு வயலைப் புல்லுக்கு விட்டான். எங்கே எவ்வளவு போகிறது, போவது நல்ல நிலமா மட்டமான நிலமா என்று சொல்ல ஒருவரிடமும் வரைபடம் இல்லை. அரசின் விவசாயப் புள்ளிவிவரம் ஊர்வாரித் தொகையைச் சொல்லும், வயலைக் காட்டாது. நார்தாம்ப்டன்ஷயரில் பள்ளிகளை வைத்து ஒரு கவுன்டியை ஏற்கெனவே அளந்து பார்த்திருந்தார்கள். ஸ்டாம்ப் அதை நாட்டுக்கே விரித்தார். 1930இல் பிரிட்டன் நிலப் பயன்பாட்டு அளவாய்வு என்ற அமைப்பு பிறந்தது.

இங்கே ஒரு தமிழ் வாசகருக்குச் சிரிப்பு வரலாம். சர்வே எண் வாரியாக, என்ன பயிர், எந்தப் போகம், நஞ்சையா புஞ்சையா தரிசா என்று ஊர்க் கர்ணம் அடங்கலில் எழுதிவந்தது பிரிட்டிஷ் ஆட்சியின் ஏற்பாடுதான். சென்னை மாகாணத்துக் குக்கிராமத்துக்கு இருந்த வயல்வாரிக் கணக்கு, ஆண்டவர்களின் சொந்த நாட்டுக்கு இல்லை! காரணம் எளிது. அடங்கல் வரி வசூலுக்காகப் பிறந்தது. வரி இல்லாத இடத்தில் யார் வயலை எண்ணுவார்? ஸ்டாம்பின் தாளில் பட்டாதாரர் பெயர் இல்லை, தீர்வை இல்லை. அது நிலத்தை நிலமாகவே பார்த்த பதிவு. அதனால்தான் அது இன்னும் பயன்படுகிறது என்பது என் எண்ணம்.

பிள்ளைகளின் பென்சில் எழுத்துகள் லண்டனுக்கு வந்து, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற சிறிய அளவுக்கு இறங்கி, வண்ணம் ஏறி, 1933 முதல் அச்சாகின. காட்டுக்குக் கரும்பச்சை. புல்வெளிக்கு இளம்பச்சை. உழவுக்குப் பழுப்பு. புதர்வெளிக்கு மஞ்சள். தோட்டத்துக்கு ஊதா. கட்டடமும் சுரங்கக் குழியும் சிவப்பு. ஒரு தாளை விரித்தால் கண் முதலில் போவது சிவப்புக்குத்தான். நகரத்திலிருந்து சாலை வழியே விரல் நீட்டிக்கொண்டு பழுப்பையும் பச்சையையும் தின்கிற சிவப்பு. ஸ்டாம்ப் சொல்ல விரும்பியதும் அதைத்தான். நல்ல நிலம் கொஞ்சம், போனால் வராது, வீடு எங்கும் கட்டலாம், கோதுமை எங்கும் விளையாது. ஆகவே முதல்தர நிலத்தை உழவுக்கு ஒதுக்கிவிட்டு மற்றதில் நகரத்தைக் கட்டு. இதுதான் அவருடைய மையக் கருத்து. கவுன்டி கவுன்டியாக அறிக்கைகள் வந்தன. 1948இல் வந்த பெரிய நூல் ஒன்றில் அத்தனையையும் திரட்டினார். நிலத்தின் பயன்பாட்டோடு தவறான பயன்பாட்டையும் அந்நூல் தன் தலைப்பிலேயே சேர்த்துக்கொண்டது.

போர் அவருக்கு மேடை தந்தது. 1941இல் கிராமப்புற நிலம் பற்றி ஆராய அமைக்கப்பட்ட ஸ்காட் குழுவில் அவர் துணைத் தலைவர். 1942 அறிக்கையில் அவர் குரல் தெளிவாகக் கேட்கிறது: நல்ல விவசாய நிலத்தை எடுக்க விரும்புகிறவர்தான் அதற்கான நியாயத்தை நிரூபிக்க வேண்டும். குழுவில் ஒரே ஒருவர் மாறுபட்டார். டென்னிசன் என்ற பொருளாதாரப் பேராசிரியர். நிலத்துக்கு வேறு பயன் அதிக மதிப்புத் தருமானால் உழவுக்கு மட்டும் ஏன் முன்னுரிமை, கிராமத்து மக்களும் வசதியாக வாழ வேண்டாமா என்று தனிக் குறிப்பு எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீர்மூழ்கிகள் உணவுக் கப்பல்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்த ஆண்டில் ஒரு பொருளாதார நிபுணரின் ஓரப்பயன் கணக்கை யார் கேட்பார்கள்?

1947இன் நகர, கிராமத் திட்டச் சட்டம் வந்தது. இனி எவர் நிலத்திலும் கட்டடம் எழுப்ப அனுமதி வேண்டும். சிவப்புக்கு அணை போட்டாயிற்று. 1930களின் அந்த 25,000 ஹெக்டேர் வேகத்தை அடுத்த முப்பது ஆண்டுகளிலும் நகரம் மறுபடி தொடவில்லை. இன்று ஐக்கிய ராஜ்யத்தின் நிலப்பரப்பில் நகர்ப்புறம் ஏழு சதவீதத்துக்கும் குறைவு என்று 2011இன் தேசியச் சூழலமைப்பு மதிப்பீடு கணக்கிட்டது. லண்டனிலிருந்து ரயிலில் கிளம்பி அரை மணி நேரத்தில் ஆடு மேயும் வயலைப் பார்க்கிற பயணி ஒரு வகையில் ஸ்டாம்புக்குக் கடன்பட்டவர்.

அதே சட்டத்தில் ஒரு விதிவிலக்கு. விவசாயம் "வளர்ச்சிப் பணி" என்ற வரையறைக்குள் வராது. வீடு கட்ட நினைத்தவன் அலுவலகம் ஏற வேண்டியிருந்தது. நூறாண்டுப் புல்வெளியை உழுது போடுபவனுக்கு, வேலிச் செடிகளைப் பிடுங்கி நாலு வயலை ஒன்றாக்குபவனுக்கு, சதுப்பில் வடிகால் வெட்டுபவனுக்கு ஒரு தாளும் தேவைப்படவில்லை. விவசாயி கிராமப்புறத்தின் காவலன் என்று ஸ்காட் குழு நம்பியது. ஸ்டாம்பும் நம்பினார்.

போர்க்காலத்திலேயே சுமார் 60 லட்சம் ஏக்கர் புல்வெளி உழப்பட்டது. விவசாய அமைச்சகத்துக்கு நிலப் பயன்பாட்டில் தலைமை ஆலோசகராக 1942இல் அமர்ந்தவர் ஸ்டாம்பே. எந்தப் புல்வெளி உழவுக்கு ஏறும் என்று தேடியவர்களுக்கு அவர் அளவாய்வு கைகொடுத்தது. பட்டினிக்கு அஞ்சிய நாடு அதைச் செய்ததில் குறை காண்பதற்கில்லை. ஆனால் போர் முடிந்ததும் அது நிற்கவில்லை. மானியம், டிராக்டர், செயற்கை உரம், களைக்கொல்லி எல்லாம் சேர்ந்தன. உழாமல் விட்ட புல்வெளியிலும் உரம் தூவி ஒற்றைப் புல்லை வளர்த்தார்கள். பசு மடி நிறையப் பால் தந்தது. புல்லோடு கலந்து பூத்த நூறு வகைச் செடிகள் போயின.

எவ்வளவு போயின என்று எப்படித் தெரியும்? இங்கேதான் கதை திரும்புகிறது. 1987இல் ராபின் ஃபுல்லர் என்ற சூழலியல் ஆய்வாளர், 1930களின் அளவாய்விலிருந்து தொடங்கி 1984 வரையிலான புல்வெளிக் கணக்குகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார். இங்கிலாந்து, வேல்ஸ் தாழ்நிலங்களில் மேம்படுத்தப்படாத பழைய புல்வெளியில் 97 சதவீதம் போய்விட்டது என்றது அவர் கணக்கு. பிரிட்டனில் இன்று பூப்புல்வெளியைப் பற்றி எவர் பேசினாலும் இந்த எண்ணைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். தேனீ அமைப்பின் துண்டறிக்கையிலும் அமைச்சர் உரையிலும் அது இருக்கிறது. அதற்கு அடியில் கிடப்பது ஒரு பள்ளிப் பிள்ளை பென்சிலால் போட்ட எம். உழவைக் காக்கப் போட்ட வரைபடம் உழவுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. ஸ்டாம்ப் சிவப்பைக் கண்டு பயந்தார். இழப்பு வந்ததோ பழுப்பிலிருந்து.

இதற்காக அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் சரியாகாது. இயற்கைப் பாதுகாப்புக் கழகத்தில் அவர் ஆண்டுக்கணக்கில் உறுப்பினர். நியூ நேச்சுரலிஸ்ட் என்ற இயற்கை நூல் வரிசையைத் தொடங்கிய ஆசிரியர் குழுவில் இருந்தவர். பிரிட்டனின் நில அமைப்பையும் இயற்கைக் காட்சியையும் பற்றி அதில் அவர் எழுதிய 1946 நூல் தலைமுறைகளுக்கு வாசிக்கக் கிடைத்தது. ஊர்ப் பொது நிலங்களைக் காக்க வழி தேடிய 1950களின் அரச ஆணையத்திலும் இருந்தார். அவருக்கு இயற்கை தெரியும். உழவு இயற்கையின் பகையாகக்கூடும் என்பது மட்டும் தோன்றவில்லை. குதிரை ஏர் பூட்டிய விவசாயத்தை மனதில் வைத்து எழுதியவர் அவர். 1980இல் மேரியன் ஷோர்டு எழுதிய நூல் விவசாயியையே கிராமப்புறத்தைத் திருடியவராக நிறுத்தியபோது, ஸ்டாம்ப் தலைமுறையின் நம்பிக்கைக்கு அது நேரடி மறுப்பாகவே அமைந்தது.

97 என்ற எண்ணையும் கொஞ்சம் நிதானமாகவே வாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்டாம்ப் அளந்தது சாதாரண ஆண்டுகளை இல்லை. விவசாயம் விழுந்துகிடந்த, உழவு சுருங்கிப் புல் பரவியிருந்த ஆண்டுகள் அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அளந்திருந்தால் பழுப்பு இன்னும் அதிகம் தெரிந்திருக்கும். நமக்குக் கிடைத்த "அன்று" ஒரு நோய்க்காலத்துப் புகைப்படம். ஆனாலும் அதைத் தவிர வேறு படம் இல்லை என்பதால் அதுவே அளவுகோலாகிவிட்டது.

இந்தியாவில் ஸ்டாம்பை அறிந்தவர்கள் வேறு வழியில் அறிந்தார்கள். 1929இல் முதலில் வந்து பல பதிப்புகள் கண்ட அவருடைய ஆசியா நூல், இந்தியக் கல்லூரிகளில் புவியியல் படித்தவர்கள் தவிர்க்க முடியாத தடிமனான பாடநூல். நிலத்தை இயற்கைப் பிரதேசங்களாகப் பிரி, ஒவ்வொன்றுக்கும் மண், மழை, பயிர், தாது, மக்கள் என்று வரிசையாகச் சொல். பரீட்சைக்கு மிக வசதி. அங்கே வாழ்கிறவர்கள் ஏன் ஏழையாக இருக்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் அந்த வரிசையில் வராது. அலிகரின் புவியியலாளர் முகமது ஷஃபி அவரிடம் லண்டனில் ஆய்வு செய்து, கிழக்கு உத்தரப் பிரதேச கிராமங்களை வயல்வாரியாக ஆராய்ந்தார். இந்தியாவில் நிலப் பயன்பாட்டு ஆய்வு ஒரு துறையாக வளர்ந்ததில் அந்த வழிக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு நிலம் எத்தனை பேரின் வயிற்றை நிரப்பும் என்று அளக்க, ஆண்டுக்குப் பத்து லட்சம் கலோரி என்ற ஓர் அலகையும் ஸ்டாம்ப் உருவாக்கினார். ஒரு மனிதனுக்கு ஓராண்டுக்கான உணவு, வீணாவதையும் சேர்த்து. அவருக்குப் பிறகும் இந்தியப் புவியியலாளர்கள் அதை எடுத்தாண்டார்கள்.

1960களில் காற்று மாறியது. புள்ளியியலும் சூத்திரமும் தெரிந்த இளைஞர்கள் வந்தார்கள். பிரதேசம் பிரதேசமாக வருணிக்கும் புவியியல் அவர்களுக்குக் கிழடாகத் தெரிந்தது. ஸ்டாம்ப் அதற்குள் எல்லாப் பதவியும் பார்த்துவிட்டார்: சர்வதேசப் புவியியல் ஒன்றியத்தின் தலைவர், அரச புவியியல் கழகத்தின் தலைவர், 1965இல் சர் பட்டம். 1966 ஆகஸ்டில் மெக்சிகோ நகரில் ஒரு புவியியல் மாநாட்டுக்குப் போன இடத்தில் இறந்தார். அவருடைய கோட்பாடுகளைப் புவியியல் துறை சீக்கிரமே மறந்தது. வரைபடத்தை மறக்க முடியவில்லை.

அவர் வழியில் ஆலிஸ் கோல்மன் 1960களில் இரண்டாம் அளவாய்வைத் தொடங்கினார். வகைகள் பெருகின, வரைபடம் நுட்பமானது, அச்சானது மட்டும் சிறு பகுதி. 1996இல் மீண்டும் பள்ளிப் பிள்ளைகளை வைத்து மாதிரிச் சதுரங்களில் ஓர் அளவாய்வு நடந்தது. அதற்குள் வேலை கைமாறிவிட்டது. 97 சதவீதத்தைக் கணக்கிட்ட அதே ஃபுல்லர்தான், லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 1990இன் பிரிட்டன் நிலமேற்பரப்பு வரைபடத்தையும் முன்னின்று செய்தார். 25 மீட்டர் கட்டம், 25 வகை. இப்போது அத்தகைய வரைபடம் ஆண்டுதோறும் வருகிறது. ஸ்டாம்பின் தாள்களும் வருடப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. இரண்டையும் மேலும் கீழுமாக வைத்து ஒரு வயலின் எண்பது ஆண்டுக்கும் மேற்பட்ட சரித்திரத்தைப் பார்க்கலாம். ஆனால் செயற்கைக்கோளுக்குத் தெரிவது மேற்பரப்பு; பயன்பாடு தெரியாது. புல் தெரியும், அது உலர்புல்லுக்கு விட்டதா, கோல்ஃப் மைதானமா, வீடு கட்டக் காத்திருக்கும் மனையா என்பது தெரியாது. அதனால்தான் 1978இல் தொடங்கிய நாட்டுப்புற அளவாய்வில், தேர்ந்தெடுத்த ஒரு கிலோமீட்டர் சதுரங்களில் இன்றும் ஆட்கள் நடந்து போய்ச் செடிகளை எண்ணுகிறார்கள்.

கொள்கையும் பாதி திரும்பியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பிறகு வந்த 2020 விவசாயச் சட்டம், பொதுப் பணத்தைப் பொது நன்மைக்கே தருவது என்ற பாதையில் இங்கிலாந்தைத் திருப்பியது. உழுத நிலத்தை மீண்டும் பூப்புல்வெளியாக்கும் விவசாயி இப்போது மானியம் வாங்கலாம். அவன் தாத்தா அதே வயலை உழுததற்கு மானியம் வாங்கியிருப்பார்.

ஸ்டாம்பின் வாதம் முழுதாகச் செத்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. அவர் இறந்த 1966இல் வெளிவந்த விவசாய நிலத் தரப்பிரிவு, ஒன்று முதல் ஐந்து வரை, இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்றாம் தரத்தின் மேல்பிரிவான 3ஏ ஆகிய மூன்றும் சிறந்த நிலம். 3பியிலிருந்து கீழே கட்டடத்துக்கு விட்டுக்கொடுக்கலாம். லிங்கன்ஷயரிலும் சஃபோக்கிலும் சூரிய மின் பண்ணைக்கு எதிராகக் கூடும் ஊர்க்காரர்கள் விளைநிலத்தைக் காப்பாற்று என்று பதாகை பிடிக்கும்போது, 1942 அறிக்கையின் வாதத்தையே, தெரிந்தோ தெரியாமலோ, சொல்கிறார்கள். மின் நிறுவனமோ டென்னிசனின் கேள்வியைக் கேட்கிறது: அதிக மதிப்புள்ள பயன் இருக்கும்போது உழவுக்கு மட்டும் என்ன சலுகை? தகட்டின் அடியில் ஆடு மேயும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. இதற்கிடையே, வயலில் குழி தோண்டி மண்ணைக் கையில் பிசைந்து பார்த்து, இது 3ஏவா 3பியா என்று சான்று எழுதித் தரும் ஆலோசகர்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.